இருநூற்று நாற்பது லிட்டர் இயந்திரம்

அந்த ஆய்வு நிறுவனத்தில் எவரும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோரும் கைக்கொண்ட விதி ஒன்று உண்டு: மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கக் கூடாது, தப்பித் தவறிப் பார்த்துவிட்டால் வாய் திறக்கக் கூடாது.

இரண்டாம் எண் ஆய்வகத்தின் தரையில், விட்டுவிட்டு அடிக்கப்பட்ட கோடு அது. நான்கு பக்கமும் சேர்ந்து அடைக்கும் இடம், ஒருவர் குறுகி உட்காரும் அளவு. அதற்குள்தான் நிறுவனத்தின் பெருமையான மின்துடிப்பு இயந்திரம் நின்றது. கோட்டுக்கு வெளியே ஆளுயர மின்னேற்றுப் பெட்டி ஒன்றும், எண்ணெய்த் தொட்டியும், அதன் வடிகட்டியும், வாயு உருளைகள் மூன்றும், வெற்றிடப் பம்பும், இவற்றையெல்லாம் பிணைக்கும் கைப்பருமன் கம்பிகளும் இருந்தன. இருந்தன என்று சொல்வதுகூட அந்தக் கட்டடத்தில் நாகரிகக் குறைவு. கூட்டுகிற அம்மாள் விளக்குமாற்றைக் கோடுவரை கொண்டுவந்து குப்பையை அப்பால் தள்ளுவார். தள்ளிய மாத்திரத்தில் குப்பை இல்லாமல் போய்விடும். எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்ட விஞ்ஞானிகள் காலைத் தேய்த்துக்கொள்ள மாட்டார்கள். இல்லாத ஒன்றில் எப்படி இடித்துக்கொள்வது? வராந்தா முனை திரும்பும்வரை பல்லைக் கடித்தபடி நேராக நடந்து, அங்கே போய்த்தான் நொண்டுவார்கள்.

கோடு முதலில் தரையில் பிறக்கவில்லை, காகிதத்தில் பிறந்தது. அதைப் பெற்றவள் முதல் மாடியில் இருந்த வரைவாளர்.

அவள் அந்த வேலைக்கு வந்த காலத்தில் இயந்திரத்தின் வரைபடத்தில் எல்லாமே இருந்தன. இயந்திரத்தின் தத்துவம் எளியது. பத்துப் பேர் தனித்தனியே நின்று மூச்சை நிரப்பிக்கொள்கிறார்கள். ஒரு கணத்தில் ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி, பத்து மூச்சையும் ஒரே கத்தலாகக் கத்துகிறார்கள். மனிதர்களுக்குப் பதில் மின்தேக்கிகள், கத்தலுக்குப் பதில் மூன்று லட்சம் வோல்ட். பக்கத்துக் கூடத்திலுள்ள எஃகுக் கலத்தில் அந்தத் துடிப்பு பாயும்போது, உள்ளிருக்கும் மெல்லிய வாயு பிளாஸ்மாவாகி ஊதா நிறத்தில் ஒளிர்ந்து, கண் இமைப்பதற்குள் அணையும். அந்த ஒளியை ஆராய்வதற்காகத்தான் நிறுவனம் தொடங்கப்பட்டதென்று பழைய கோப்புகள் கூறுகின்றன.

பிறகு இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். அங்கே வேறொரு நிறுவனத்தார், "எங்கள் இயந்திரம் ஒரு மேசைக்குள் அடங்கும்" என்று சொன்னார்களாம். இவருடையது ஓர் அறையை அடைத்திருந்தது. திரும்பி வந்த மறுநாளே 'கச்சிதத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. திட்டத் தலைவராகப் பொறுப்பேற்ற பொறியாளருக்கு ஒரு மாதத்திலேயே 'சென்டிமீட்டர் சார்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஓராண்டு உண்மையாகவே போராடினார். ஆனால் உயர் மின்னழுத்தம் பிடிவாதமானது. இரண்டு முனைகளை நெருக்கி வைத்தால் நடுவே பாய்ந்து எரித்துவிடும். நான்கு இயந்திரங்கள் எரிந்தன. ஐந்தாவதாக அவர் மாடியேறி வரைவாளரிடம் வந்தார்.

"இந்தப் படத்துல ஒரு புள்ளிக்கோடு போடணும்மா," என்றார். "மிஷின் எதுவரைக்கும்னு பாக்கறவங்களுக்குப் புரியணும் இல்லையா?"

அவள் போட்டாள். வாயு உருளைகளும் பம்பும் வெளியே போயின. அவ்வாண்டு அறிக்கை: தொள்ளாயிரம் லிட்டர். அடுத்த ஆண்டு எண்ணெய்த் தொட்டி வெளியேறியது: அறுநூற்று நாற்பது. அதற்கடுத்த ஆண்டு மின்னேற்றுப் பெட்டி: நானூறு. இயந்திரம் ஓர் ஆணியளவுகூடச் சுருங்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து, தரையில் வண்ணமடித்த கோட்டைச் சுற்றி நாடா பிடித்து அளந்து, கைதட்டிப் போனது. நான்காம் ஆண்டு நூறு சென்டிமீட்டர் நீளம் அறுபதாக வேண்டியிருந்தது. குறைக்க வேண்டிய நாற்பது சென்டிமீட்டரில் இருந்தவை இரண்டே இரண்டு: ஓர் எர்த் சுவிட்சு, ஒரு மனிதர்.

சுவிட்சின் வேலை, வெடிப்பு என்று அங்கே சொல்லப்பட்ட ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்தேக்கிகளில் எஞ்சியதை மண்ணில் இறக்கி, அடுத்த வெடிப்புவரை அவற்றைப் பிடித்து வைத்திருப்பது. மனிதரின் வேலை, அந்தச் சுவிட்சின் அருகே நின்று எண்ணெயைக் கவனிப்பது. எண்ணெய்க்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். வரைவாளர் மட்டும் அண்ணன் என்று கூப்பிட்டாள். ஏனெனில் அவர் அவளுடன் பிறந்தவர்.

கோடு நகர்ந்த அன்று மதியம், சாப்பாட்டு அறையில் அவர் அவளெதிரே வந்து உட்கார்ந்தார். சட்டையில் எப்போதும்போல எண்ணெய் வாடை.

"என்னடி பாப்பா, கூடப் பொறந்தவனையே கோட்டுக்கு வெளிய தள்ளிட்டே?"

"நான் எங்க தள்ளினேன். சென்டிமீட்டர் சார் சொன்னார்."

"தள்ளினது நல்லதாப் போச்சு. இப்ப நான் இல்லாத ஆளு. லேட்டா வந்தா யாரும் கேக்க முடியாது." தம் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் டப்பாவில் வைத்தார். "ஆனா அந்த சுவிட்சை எதுக்குத் தள்ளினீங்க? அது பாவம், என்னைவிட ஒழுங்கா வேலை செய்யும்."

அவள் சிரித்தாள். பின்னாளில் அந்தச் சிரிப்பை எத்தனை முறை மென்று விழுங்க முயன்றாலும் அது தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

இரண்டு மாதத்தில் சுவிட்சை இயக்கும் கம்பிச்சுருள் கருகியது. மாற்றுச் சுருள் கேட்டுக் கிடங்குக்குப் போன எண்ணெய்க்காரரிடம், வரைபடத்தில் இல்லாத பொருளுக்கு உதிரிப்பாகம் தர விதியில் இடமில்லை என்று கிடங்குக்காரர் சொன்னார். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து எண்ணெய்க்காரர், நீண்ட பிடி வைத்த எர்த் கம்பியைக் கையால் தூக்கி ஒவ்வொரு முனையாகத் தொட்டு மின்சாரத்தை இறக்கினார். இறக்கிய மின்தேக்கி இறந்துவிடுவதில்லை. கம்பியை எடுத்த சில நிமிடங்களில், இறைத்த கிணற்றில் நீர் ஊறுவதுபோல அதன் உள்ளிருந்து மின்சாரம் தானே ஊறிவரும். அவருக்கு அது தெரியும். தெரிந்தும், ஒரு காலை பத்தே முக்காலுக்கு, கம்பியை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு வந்தவர், முனையை ஒட்டியிருந்த எண்ணெய்க் குழாயின் இணைப்பில் சொட்டுவதைக் கண்டு அதை இறுக்கக் கை நீட்டினார்.

மாடியில் இருந்த வரைவாளருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கீழிருந்து எப்போதும் வரும் இரைச்சல் நின்றதை மட்டும் உணர்ந்தாள். தேநீர் இடைவேளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளை முதலில் திகைக்க வைத்தது இரங்கல் கூட்டம். மேடையில் அண்ணனின் படம் இருந்தது. மேசைக்குள் அடங்கும் சிறிய படம். இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் துக்கம் உண்மையானது என்பதுதான் கொடுமை.

"நம் எண்ணெய்க்காரரைப் பற்றி நான் என்ன சொல்வேன்? பதினாறு ஆண்டுகள் நம்மிடையே இருந்தார். எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டார்? ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி கேட்டதில்லை. ஒரு மேசை கேட்டதில்லை. நமது வரைபடத்தில் அவருக்கென்று ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அன்பர்களே, இந்த நிறுவனம் எந்த லட்சியத்துக்காக நான்கு ஆண்டுகளாகப் பாடுபடுகிறதோ, அந்த லட்சியத்தை அவர் வாழ்ந்து காட்டினார். அவரைப்போல் கச்சிதமான மனிதரை நான் கண்டதில்லை."

அனைவரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். எதற்காக இறந்தார், எப்படி இறந்தார் என்று எவரும் சொல்லவில்லை. மௌனம் முடிந்ததும் சென்டிமீட்டர் சார் அவள் அருகில் வந்து, "ரொம்ப நல்ல மனுஷன்மா," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர், இயக்குநர் திரும்பிப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விசாரணையைப் பாதுகாப்பு அதிகாரி நடத்தினார். மூன்று நாட்கள் நாடாவும் சுண்ணக்கட்டியுமாக ஆய்வகத் தரையில் மண்டியிட்டே கிடந்தார் என்று பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் வரைவாளரை அழைத்து, எதிரில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகவே பேசினார்.

"நான் உங்களுக்கு ஆதரவாத்தான் பாத்தேம்மா. என் அதிகாரம் கோட்டுக்குள்ளதான். உங்க அண்ணனோட உடம்புல ஏதாவது ஒரு பாகம் கோட்டுக்கு உள்ள இருந்தா போதும், விபத்துன்னு எழுதிடலாம்னு தவிச்சேன். தலை வெளிய. தோள் வெளிய. கை, கேக்கவே வேணாம். எடது கால் செருப்பு மட்டும் மூணு சென்டிமீட்டர் உள்ள கெடந்துச்சு."

"அப்போ?"

"செருப்புக்குக் காயம் இல்லையேம்மா." அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "செருப்பை மட்டும் அறிக்கையில சேத்திருக்கேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அறிக்கை ஒரே பக்கம். இயந்திர எல்லைக்குள் எவ்வித விபத்தும் நிகழவில்லை. காலணி ஒன்று, சேதமின்றி மீட்கப்பட்டது. இதனால் நிறுவனத்தின் விபத்தற்ற நாட்களின் தொடர்ச்சி பாதிக்கப்படவில்லை. சம்பவம் நடந்த இடம் என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று தட்டச்சு செய்திருந்தது. வாசலில் இருந்த பலகையில் அன்று காலை விபத்தற்ற நாட்களின் எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது.

அறிக்கையின் நகலை அவள் அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணி ஜன்னலருகே உட்கார்ந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வாடை போகாத சட்டைகள் மூன்று தனியே இருந்தன. அவற்றை மடிக்கவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. அறிக்கையை இரண்டு முறை படித்தாள். விரலை அந்தக் கட்டத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொருந்தாதுன்னா என்ன கண்ணு?"

"அந்த எடம் படத்துல இல்ல அண்ணி. அதனால..."

"படத்துல இல்லாட்டி என்ன? ஒரு மனுஷன் எங்கயோ ஒரு எடத்துலதானே செத்திருக்கணும்? காலைல வீட்டுலேருந்து போனாரு. சாயங்காலம் தூக்கிட்டு வந்தாங்க. நடுவுல எங்க இருந்தாரு?"

வரைவாளர் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கோட்டைப் போட்டதே நான்தான் அண்ணி."

அண்ணி அறிக்கையை மடித்து அந்தச் சட்டைகளின்மேல் வைத்தாள். வசவுக்காகக் காத்திருந்தவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பென்சில்ல போட்டியா, பேனாவுலயா?" என்று கேட்டாள் அண்ணி.

"கம்ப்யூட்டர்ல."

"அப்ப அழிக்கலாம் இல்ல?"

அழிக்க முடியுமா என்று வரைவாளர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாள் பழைய வரைபடத்தைத் திறந்து, புள்ளிக்கோட்டை நாற்பது சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்தாள். எர்த் சுவிட்சை அதன் இடத்தில் வைத்தாள். அதனருகே நாற்பதுக்கு நாற்பது அளவில் ஒரு சிறு செவ்வகம் வரைந்து, 'ஆள் நிற்குமிடம்' என்று எழுதினாள். அவள் வாழ்நாளில் வரைந்த கோடுகளிலேயே எளிமையான நான்கு கோடுகள். அந்தச் செவ்வகம் வரைபடத்தில் ஏறிவிட்டால் அண்ணன் இறந்ததற்கு ஓர் இடம் கிடைக்கும். சுவிட்சுக்குச் சுருள் கிடைக்கும். அங்கே அடுத்து நிற்பவர் வீடு திரும்புவார்.

அடுத்து நிற்பவர் ஏற்கெனவே வந்திருந்தார். இல்லாத இடத்துக்கு ஆள் எடுக்க முடியாதென்பதால், 'அருகமை உதவியாளர்' என்று புதிய பதவி ஒன்றை உண்டாக்கியிருந்தார்கள். ஐம்பதைத் தொட்ட மனிதர், இரண்டு பெண்களைப் பெற்றவர், வாய் ஓயாதவர். அவள் கீழே இறங்கிப் போய் அவருக்கு எர்த் கம்பியைப் பற்றிச் சொன்னாள்.

"கம்பியைத் தொட்டுட்டு எடுத்துடாதீங்க. முனையிலயே மாட்டி வெச்சிருங்க. எடுத்தா திரும்ப ஊறும்."

"அடுத்த வெடிக்கு எடுத்துத்தானேம்மா ஆகணும்?"

"எடுத்தப்புறம் கிட்டப் போகாதீங்க."

"எண்ணெய் ஒழுகுனா?" அவர் சிரித்தார். "ஒரு நாளைக்கு நாப்பது வெடி. முப்பத்தொம்பது தடவை ஞாபகம் இருக்கும். ஒரு தடவை எங்க வீட்டுக்காரி காலைல பேசுனது ஞாபகத்துக்கு வரும். அதுக்குத்தான ஒரு சுவிட்சு இருக்கணும்கறது?"

"போராடிக்கிட்டு இருக்கேன்."

"மெல்லப் போராடுங்கம்மா. நான் இன்னும் வேலைல நிலைக்கல."

அவள் செவ்வகத்தை எடுத்துக்கொண்டு சென்டிமீட்டர் சாரிடம் போனாள். அவர் வரைபடத்தைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இது நானூறு லிட்டர்மா," என்றார், யாரோ இறந்த செய்தியைக் கேட்டவர்போல.

"போன வருஷ அளவுதான் சார்."

"அதான் சொல்றேன். நாம பின்னாடி போறோம். மதிப்பீட்டுக் குழு வர்ற வெள்ளிக்கிழமை. அவங்க ஒப்புதல் குடுத்துட்டா இதே படத்தை வெச்சு ஆறு ஆய்வகத்துல ஆறு மிஷின் செய்யப்போறாங்க. இந்தச் சமயத்துல..." வரைபடத்தின்மேல் குனிந்தார். செவ்வகத்தை விரலால் மறைத்துப் பார்த்தார். விரலை எடுத்துப் பார்த்தார். "ஒரு ஆளை இன்னும் சின்னதா வரைய முடியாதா? ஒத்தக்கால்ல நின்னா முப்பது சென்டிமீட்டர் போதுமே?"

"நீங்க நின்னு காட்டுங்க சார்."

அவர் நின்று பார்த்தார். அதுதான் அவருடைய நேர்மை. மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் சிறிது நேரம் நின்று, தள்ளாடி, காலை ஊன்றினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "டைரக்டரையே கேட்டுடுங்க," என்றார்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். செவ்வகத்தைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் பார்த்தார். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாணென்ன முழமென்ன என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: சுருளை, கம்பியை, ஊறும் மின்சாரத்தை, அண்ணியின் கேள்வியை. அவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"நீங்க சொல்றது அத்தனையும் உண்மை," என்றார் கடைசியில். "உண்மைங்கறதால நமக்கு என்ன பிரயோஜனம் சொல்லுங்க? உங்க அண்ணனை உள்ள சேத்துக்கிட்டா, எண்ணெய்த் தொட்டி சும்மா இருக்குமா? அது கேக்கும். அதைச் சேத்தா பெட்டி கேக்கும். அப்புறம் அந்த அறை, அதுக்குக் கரண்டு குடுக்கற கட்டடம், கட்டடத்துக்கு வெளிய இருக்கற ஊரு. எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்? நிர்வாகம்னா என்ன? கோடு போடறதுதான். நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலேருந்து ஒரு வாட்டிதான் அந்த ஆய்வகத்துல கோட்டுக்கு வெளிய பாத்தேன். எவ்வளவு சாமான் கெடக்கு தெரியுமா? பயந்துட்டேன். அதுக்கப்புறம் வரைபடத்தை மட்டும்தான் பாக்கறேன். மனசுக்கு நிம்மதியா இருக்கு."

"சார், இந்தப் படத்தை வெச்சு இன்னும் ஆறு எடத்துல..."

"ஆறு எடத்துலயும் இருநூத்தி நாப்பது லிட்டர். நெனைச்சுப் பாருங்க." அவர் கண்கள் பனித்தன. "உங்க அண்ணன் இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவார்."

வெளியே வந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஊமை கண்ட கனவுபோல எல்லாவற்றையும் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு படியேறினாள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அங்கே எவருமே பொய் சொல்லவில்லை. கிடங்குக்காரர் விதியைச் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி அளந்ததைச் சொன்னார். அவளும் சொன்ன இடத்தில்தான் கோடு போட்டாள். ஆளுக்கொரு பிடி மண்ணாக எல்லோரும் சேர்ந்து ஒருவரை மூடியிருந்தார்கள். மாலையில் சென்டிமீட்டர் சாரின் ஆள் வந்து, இறுதி வரைபடத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும் என்று சொல்லிப் போனார். வரைந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது.

வெள்ளிக்கிழமை காலை அவள் கொண்டுவந்த வரைபடத்தில் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருந்தது. ஆய்வகத்தில் மஞ்சள் கோட்டுக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். மின்னேற்றுப் பெட்டியின் மேலும் தொட்டியின் மேலும் சாம்பல் நிறத் துணி போர்த்தியிருந்தது. சுவரும் சாம்பல் நிறம். புதிய எண்ணெய்க்காரருக்கும் அதே துணியில் ஒரு மேலங்கி தைத்திருந்தார்கள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில், கையில் எர்த் கம்பியோடு, இருமலை அடக்கிக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

மதிப்பீட்டுக் குழுவின் புதிய தலைவி வெளியூர்ப் பேராசிரியை. வயதானவர், கைத்தடி ஊன்றி வந்தார். இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, பளபளக்கும் அதன் உடலைத் தட்டிக்கொடுத்து, இருநூற்று நாற்பது லிட்டருக்குள் மூன்று லட்சம் வோல்ட்டா என்று வியந்தார். எல்லோரும் புன்னகைத்தார்கள். பிறகு அவர் தலையைச் சாய்த்தார்.

"ஏதோ இரையுதே, என்னது?"

அறை சில்லிட்டுப்போனது.

"இரையுதா?" என்றார் இயக்குநர்.

"நல்லாக் கேக்குதே. அந்தப் பக்கத்துலேருந்து."

"கட்டடம் பழசுங்க," என்றார் சென்டிமீட்டர் சார். "ரத்தக்கொதிப்பு இருக்கறவங்களுக்கும் சில சமயம் அப்படிக் கேக்கும்."

"எனக்கு ரத்தக்கொதிப்பு இல்லையே."

"என் எல்லைக்குள்ள எந்தச் சத்தமும் இல்ல, மேடம்," என்றார் பாதுகாப்பு அதிகாரி. அவர் சொன்னது முழு உண்மை.

அந்நேரம் பார்த்து எண்ணெய்க்காரரின் இருமல் அடங்க மறுத்து வெளியே வந்தது. சாம்பல் நிறச் சுவர் இரண்டு முறை இருமியது. எவரும் திரும்பவில்லை. பேராசிரியை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அத்தனை முகமும் கோட்டுக்குள்ளேயே நின்றன. வயதான காலத்தில் தம் காதையே சந்தேகிப்பவர்போல அவர் மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைத்தான் வரைவாளரால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு நொடி போனால் அந்த அம்மாளும் நல்லவர்களில் ஒருவராகிவிடுவார்.

"அளந்துடலாமா?" என்றார் இயக்குநர் அவசரமாக.

அளப்பது மரபு. நாடாவின் ஒரு முனையைச் சென்டிமீட்டர் சார் இயந்திரத்தின் ஓரத்தில் பிடித்துக்கொள்ள, மறுமுனையை வரைவாளர் கோட்டின் ஓரத்தில் வைத்து, எண்ணை உரக்க வாசிக்க வேண்டும். ஆண்டுதோறும் அப்படித்தான் நடந்தது. அவள் நாடாவை இழுத்துக்கொண்டு கோடுவரை வந்தாள். அறுபது சென்டிமீட்டர். அங்கே நின்று குனிய வேண்டியவள் குனியவில்லை. புது வண்ணத்தில் செருப்பு ஒட்ட, கோட்டைத் தாண்டினாள்.

நாடா அவள் பின்னே சரசரவென்று நீண்டது. சென்டிமீட்டர் சார் தம் முனையை விடவில்லை. விட்டால், நாடா எங்கேயோ போகிறது என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வெளிறிய முகத்தோடு அதைப் பிடித்தபடியே நின்றார்.

"வரைவாளரம்மா," என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில், "கோடு முடிஞ்சிருச்சு."

அவள் கருகிய சுவிட்சைத் தாண்டினாள். எண்ணெய்க்காரர் கம்பியோடு ஒதுங்கி வழிவிட்டார். மின்னேற்றுப் பெட்டிமீது கிடந்த துணியை இழுத்துக் கீழே போட்டாள். இரைச்சல் சற்றுக் கூடினாற்போலிருந்தது. அதைக் கடந்து, தொட்டியைக் கடந்து, கடைசி வாயு உருளையின் பக்கவாட்டில் நாடாவை அழுத்திப் பிடித்தாள். அகலத்தையும் உயரத்தையும் அளக்கத் தேவையிருக்கவில்லை. ஒரு காலத்தில் அவளே முழுதாக வரைந்தவை.

பேராசிரியை கைத்தடியை ஊன்றித் திரும்பி, முதன்முறையாக அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்தார்.

"படிங்கம்மா," என்றார்.

வழக்கமாக எண் வாசிக்கும் அதே குரலில் அவள் வாசித்தாள்.

"நீளம் நாலரை மீட்டர். அகலம் மூணு. உயரம் ரெண்டு. மொத்தம் இருபத்தேழாயிரம் லிட்டர், மேடம். எங்க அண்ணன் நின்னு செத்த எடமும் இதுல சேத்தி."